ஸாஹிராவின் முதல் எழுத்து

சரோஜினிதேவி டீச்சர் அன்றைக்கு விலை பேசவில்லை. மஜீட் முதலாளிக்குச் சந்தேகம் வந்தது அதில்தான்.

வெள்ளவத்தையில், காலி வீதியில், இருபத்திரண்டு வருஷமாகத் துணி விற்கிறவர் மஜீட். ஒரு பெண் துணியை எந்த விரலால் தொடுகிறாள் என்பதை வைத்தே அவள் வாங்க வந்தவளா, வெயிலுக்கு ஒதுங்க வந்தவளா, பக்கத்துக் கடையில் ஏமாந்தோமா என்று ஒப்பிட்டுப் பார்க்க வந்தவளா என்று சொல்லிவிடுவார். டீச்சர் இந்த மூன்று வகையிலும் சேராதவர். யாழ்ப்பாணத்திலிருந்து தொண்ணூற்றைந்தாம் ஆண்டு சனத்தோடு சனமாகக் கிளம்பி, வன்னிக்குள் கொஞ்சக் காலம் அலைந்து, கடைசியில் காலி வீதிக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி அறைக்கு வந்து சேர்ந்த மனிசி. அன்றுமுதல் மாதத்தில் இரண்டு தடவை கடைக்கு வருவார். ஒரு யார் ரவிக்கைத் துணிக்கு அரை மணித்தியாலம் நிற்பார். சொன்ன விலையில் பாதி கேட்பார். மஜீட் நெஞ்சில் கை வைப்பார். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போவார். மஜீட் கூப்பிடுவார். எந்த விலையில் போய் முடியும் என்பது இரண்டு பேருக்கும் முதலிலேயே தெரியும். ஆனாலும் ஒரு நாளும் ஒரு படியையும் தாண்டிக் குதித்தது கிடையாது. தாண்டினால் பிறகு மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அன்றைக்கு டீச்சர் வெள்ளை லைனிங் துணியைக் காட்டி என்ன விலை என்று கேட்டார். மஜீட் வழக்கம்போல் கூட்டிச் சொன்னார்.

"சரி, வெட்டுங்கோ."

கத்தரிக்கோல் மஜீட்டின் கையிலேயே நின்றுவிட்டது. கடையில் வேலை செய்யும் றலியா ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள். நாற்பது வயது, மஜீட்டின் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம், நாக்குக்கு உறை போடாதவள். அவளே வாயைத் திறக்கவில்லை என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றார். "நானா, உங்கட ஆக்களின்ரை பேர் ஒண்டுக்கு அர்த்தம் கேக்கவேணும்."

"கேளுங்க டீச்சர்."

"எனக்கில்லை. தெரிஞ்ச ஆக்கள் வீட்டில ஒரு குழந்தை. பொம்பிளைப் பிள்ளை."

"என்ன பேர்?"

டீச்சர் வாசலைப் பார்த்தார். பிறகு, புதுப் பல்லுக் கட்டியவர் முதல் கவளத்தை மெல்லுவதுபோல மெதுவாகச் சொன்னார்: "ஸாஹிரா."

இங்கே மஜீட்டைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஏழு வயதில் குர்ஆன் ஓதி முடித்தவர். இன்றைக்கும் ஓரிடத்தில் தடக்காமல் ஓதுவார். ஆனால் ஓதுவது வேறு, விளங்குவது வேறு. அறபு எழுத்தைக் கூட்டி வாசிப்பார். கருத்துக் கேட்டால் பள்ளிவாசல் பக்கம் கையைக் காட்டவேண்டியதுதான். அதையே அன்றைக்கும் செய்திருக்கலாம். ஆனால் அவர் தொழில் பழகியது புறக்கோட்டையில், தன் வாப்பாவின் கடையில். வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்புகிறவன் மறுநாள் தானே வெறுங்கையோடு இருப்பான் என்று வாப்பா காதைத் திருகிச் சொல்லிக் கொடுத்திருந்தார். கிளிப்பச்சை கேட்டால் பாசிப்பச்சையை விரி. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டு. கேட்டது இதுதான் என்று அவளே சொல்லுவாள். அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிப்போனது.

"ஸாஹிரா எண்டா வெளிச்சம் டீச்சர்," என்றார் மஜீட், யோசிக்க ஒரு வினாடியும் எடுக்காமல். "ஜொலிக்கிறவ. மருதானையில அந்தப் பேர்ல பெரிய பள்ளிக்கூடமே ஈக்கே. எங்கட மார்க்கத்தில பேர் எண்டுறது சும்மா கூப்பிடுறதுக்கு வச்ச மணி இல்ல. மறுமை நாள்ல அந்தப் பேரச் சொல்லித்தான் ஆள எழுப்பிக் கூப்பிடுவாங்க. அதனால நல்ல கருத்துள்ள பேராப் பாத்து வைக்கிறது வாப்பா உம்மாட கடமை. புள்ளைக்கு அவங்க குடுக்கிற முதல் சீதனம் அது."

டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். வாடிக்கையாளர் கேட்கக் கேட்கச் சரக்கு கூடிக்கொண்டு போவது மஜீட்டின் வழக்கம். ஆளுக்கு ஏற்ற நிறம், ஆளுக்கு ஏற்ற சொல். சைவக்கார மனிசிக்கு இன்னும் பொருத்தமான ஒரு சொல்லைத் தேடி எடுத்து மேலே வைத்தார்.

"உங்கட பாஷையில சொன்னா, சோதி."

டீச்சரின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. காசை வைத்தார். குடையை எடுத்தார். போய்விட்டார். வெட்டிய துணி மேசையிலேயே கிடந்தது.

"காசக் குடுத்திட்டு துணிய வச்சிட்டுப் போறாங்க," என்றாள் றலியா ஏணியிலிருந்து இறங்கி. "இந்தக் கடையில இப்பிடியும் ஒரு நாள் வரும் எண்டு லுத்பியா தாத்தா கனவிலயும் நெனச்சிருக்க மாட்டா."

லுத்பியா என்பது மஜீட்டின் மனைவி, றலியாவுக்கு அக்கா முறை. மவுத்தாகி நாலு வருஷம். கடையின் பெயர்ப் பலகையில் இன்னும் மூன்று பாஷையிலும் இருக்கிறாள்.

மறுநாள் டீச்சர் துணியை எடுக்க வந்தார். மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. றலியா தேநீர் வாங்கப் போயிருந்தாள். மஜீட் கொடுத்த ஸ்டூலில் டீச்சர் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"தெரிஞ்ச ஆக்கள் எண்டு சொன்னது பொய்," என்றார். "என்ரை மகன்ரை பிள்ளை."

மகன் சிவபாலன் டோஹாவில் இன்ஜினியர். இரண்டு வருஷத்துக்கு முன்னர் ஒரு கடிதம் போட்டிருக்கிறான்: அக்குறணைப் பிள்ளை ஒருத்தியை விரும்புகிறேன், அவளுடைய மார்க்கத்தில் சேர்ந்துவிட்டேன், கலியாணம் முடிக்கப் போகிறேன் என்று. டீச்சர் பதில் எழுதவில்லை. அறையை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரி பத்மாவதியின் ரெலிபோனுக்கு இரண்டு தடவை அழைத்தான். இரண்டு தடவையும் குரலைக் கேட்டதும் ரிசீவரை வைத்துவிட்டார். கீழே இருந்து மேலே வரை எல்லா வீட்டிலும் ஊர்ச் சனம். ஆருக்கும் இதைச் சொல்லவில்லை. மகன் எப்படி என்று கேட்டால் சுகம் என்பார். அவ்வளவோடு வாயை மூடிக்கொண்டு இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. இப்போது கடிதம்: பிள்ளை பிறந்திருக்கிறது, பெயர் ஸாஹிரா, அம்மா ஒருக்கால் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

"வாயில வராத பேரை நான் ஏன் சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான். பிறகு, அர்த்தமாவது என்ன எண்டு தெரியாமல் கோபிக்கக் கூடாது எண்டு உங்களிட்டை வந்தனான்." டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "எனக்கொரு மகள் இருந்தவள் நானா. சோதிமலர். தொண்ணூறில பொம்பர் வந்து குண்டு போட்டுச் செத்தவள். பத்தொன்பது வயசு. பாலன் அப்ப மொறட்டுவையில படிச்சுக்கொண்டிருந்தவன். சண்டையால பாதை பூட்டு. செத்த வீட்டுக்கும் வரேல்லை, முகமும் பாக்கேல்லை. வீட்டில நாங்கள் அவளைச் சோதி எண்டுதான் கூப்பிடுறது."

மஜீட் லைனிங் துணியை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"தங்கச்சியின்ரை பேரைத்தான் வைச்சிருக்கிறான். உங்கட பாஷையில. கடிதத்தில அதைச் சொல்லேல்லை. அம்மா தானாக் கண்டுபிடிக்கட்டும் எண்டு விட்டிருக்கிறான். சின்னனிலயும் அப்பிடித்தான், கணக்கைச் செய்துபோட்டு விடையை மறைச்சுக்கொண்டு நிப்பான்."

அவர் சிரித்தார். மூன்று வருஷத்தில் டீச்சரின் பல்லை மஜீட் அன்றைக்குத்தான் பார்த்தார்.

பத்மாவதி வீட்டில் கதைத்தால் மாடி முழுக்கக் காது முளைக்கும். ஆகவே கடை நம்பரை மகனுக்கு எழுதலாமா என்று டீச்சர் கேட்டார். மூன்று கிழமை கழித்து வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி. ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டியிருக்கும் நேரம், ஆள் வராது. மஜீட், "அதுக்கென்ன டீச்சர், ஒங்கட கட மாதிரி நெனச்சுக்கோங்க," என்றார். சொன்னபோது மனசு நிறைந்துதான் இருந்தது. ஒரு யார் லைனிங் வாங்க வந்த மனிசிக்கு ஒரு மகனையும் பேத்தியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்த மாதிரி.

எழுந்து போகும்போது டீச்சர் வெளியே பலகையை அண்ணாந்து பார்த்தார். "லுத்பியா எண்டால் என்ன அர்த்தம் நானா?"

"நல்ல கருத்துத்தான் டீச்சர்."

"நல்ல கருத்து எண்டால், என்ன கருத்து?" மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. நல்ல வேளையாக றலியா தேநீரோடு வந்தாள்.

பிறகு வந்த நாட்கள் கடைக்கு நல்ல நாட்கள். வியாபாரத்தைச் சொல்லவில்லை, வியாபாரம் அந்தக் காலத்தில் எந்தக் கடையில் நன்றாக இருந்தது? எங்கேயாவது ஒரு குண்டு வெடித்தால் காலி வீதி முழுக்க ஷட்டர்கள் ஒரே நேரத்தில் இறங்கும். பொலிஸ் லொட்ஜுகளில் சோதனை போட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன மறுநாள் தமிழ்ச் சனம் வெளியில் இறங்காது. துணி வாங்க அல்ல, பாண் வாங்கவே இறங்காது. ஆனால் டீச்சர் வந்தார். கிழமையில் இரண்டு தரம், மூன்று தரம் வந்தார். மகனுக்குச் சொல்லப் போவதை மஜீட்டிடம் சொல்லிப் பார்த்தார். "முதல்ல ஒண்டும் கேக்க மாட்டன். தங்கச்சியின்ரை பேரை வைச்சிருக்கிறாய், எனக்கு விளங்கீற்றுது எண்டு சொல்லுவன். பிறகுதான் மிச்சம்." மஞ்சள் பூப்போட்ட வெள்ளைத் துணியில் சின்னச் சட்டை தைக்க ஒரு யார் வாங்கினார். அன்றைக்கு விலை பேசினாரே, அந்த மாதிரி ஒரு பேச்சை மஜீட் புறக்கோட்டையிலும் கண்டதில்லை. மூன்று தடவை வாசல்வரை போனார்.

"டீச்சர் வந்தா முதலாளிக்குக் கழுத்து நீண்டுடுது," என்றாள் றலியா. "விலையும் தானா எறங்குது."

"பேசாம ஒன்ட வேலையப் பாரு."

"வேல பாத்துக்கிட்டுத்தான் பேசுற."

மஜீட்டுக்கும் ஒரு உண்மை விளங்கத்தான் செய்தது. அவர் இருப்பது கொட்டாஞ்சேனையில், மகன் வீட்டின் பின்னறையில். காலையில் பஸ் ஏறும்போது மருமகள், "வாப்பா, குடையை எடுத்தீங்களா?" என்பாள். மாலையில் இறங்கும்போது, "வாப்பா, சாப்பாடு மூடி வச்சீக்கு," என்பாள். பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் இங்கிலீஷில் சண்டை பிடிக்கும். அவரைக் கண்டால் தமிழில் சலாம் சொல்லிவிட்டு ஓடிவிடும். ஒருவர் மேலும் குறை சொல்ல முடியாது. ஆனால் நாள் முழுக்க ஆயிரம் வார்த்தை விற்கிற மனிசனிடம், வீட்டில், வாங்க ஒருவரும் இல்லை. டீச்சர் வாங்கினார். அதுதான் விஷயம்.

அந்த வெள்ளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை டீச்சர் மூச்சு வாங்க வந்தார். கையில் ஒரு படம். தலையெல்லாம் முடியாக, முழித்த கண்ணோடு ஒரு குழந்தை.

"மூக்கைப் பாருங்கோ. சோதியின்ரை மூக்கு."

மஜீட் பார்த்தார். குழந்தை மூக்கு, எல்லாக் குழந்தைக்கும் இருக்கிற மூக்கு. "அச்சு அசல்," என்றார்.

"பின்னால மருமகள் எழுதியிருக்கிறா போல. வாசியுங்கோ நானா."

மருமகள் என்ற சொல் டீச்சர் வாயிலிருந்து முதல் தடவையாக வந்தது. மஜீட் அதைக் கவனித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே படத்தைத் திருப்பினார். நீல மையில், அழகான கையெழுத்தில், அறபில் ஒரே ஒரு சொல். மஜீட் கூட்டி வாசித்தார். ஸீன். அலிஃப். ஹே...

திரும்ப முதல் எழுத்துக்குப் போனார். ஸீன். மூன்று பல்லோடு, சீப்பின் துண்டுபோல, தெளிவாக.

அவருக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் ஒன்று தெரியும். மருதானைப் பள்ளிக்கூடத்தின் வாசலில் அறபில் எழுதியிருக்கிற ஸாஹிரா வேறு. அது ஸேயில் தொடங்கும். ஒரு வளைவு, மேலே ஒரு புள்ளி. வாயில் வைத்தால் வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம். தமிழில் எழுதும்போது அந்த வண்டும் ஸதான், இந்தச் சீப்பும் ஸதான். பாவம், தமிழ் எழுத்துக்கு இரண்டுக்கும் ஒரே சட்டை.

"என்ன போட்டிருக்கு?"

"ஸாஹிரா எண்டுதான்," என்றார் மஜீட். அது உண்மை. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் போனதும், மறக்கும் முன்னர், ஒரு பில் துண்டின் பின்பக்கத்தில் அந்தச் சொல்லை வரைந்து சட்டைப் பையில் வைத்தார். புதன் முழுக்க அது நெஞ்சுக்கு மேல் கிடந்தது. வியாழன் முழுக்கவும் கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் கலைந்த பிறகு, ராசிக் மௌலவியைப் பள்ளிவாசல் தூணருகில் பிடித்தார். மௌலவிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், மதீனாவில் ஓதி வந்தவர், பசியில் நின்றார்.

"ஸாஹிராவா?" துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். "நல்ல வேளை ஹாஜியார், சின்ன ஹே போட்டீக்கு. பெரிய ஹா போட்டிருந்தா சூனியக்காரி எண்டு வரும்."

மஜீட் தூணைப் பிடித்துக்கொண்டார். "சின்ன ஹேக்கு?"

"முழிச்சிக்கிறவ. ராவெல்லாம் கண்மூடாதவ. குர்ஆன்லயும் இந்தச் சொல் ஒரு எடத்தில வருது, வேற கருத்தில."

"வெளிச்சம் எண்டு வராதா?"

"வெளிச்சத்துக்கு ஸே போடணும். இது ஸீன். மூணு பல்லு ஈக்கே, பாக்கேல்லையா?"

"மௌலவி, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஓரத்திலயாவது கொஞ்சம் வெளிச்சம் வராதா?"

"இது துணி இல்ல ஹாஜியார், பேசிக் குறைக்க." மௌலவி சிரித்தார். "பேர் ஒண்டும் கெட்ட பேர் இல்ல. கெட்ட கருத்துள்ள பேர எண்டா நபியவங்க மாத்தச் சொல்லியீக்காங்க. இது அப்பிடி இல்ல. ராவையில முழிச்சுத் தொழுகிற ஆளுக்கு அல்லாஹ்கிட்ட பெரிய எடம் ஈக்கு. அந்தக் கருத்தில வச்சிருப்பாங்க. வச்சவங்ககிட்டத்தான் கேக்கணும்."

மஜீட் துண்டை வாங்கிக்கொண்டார். போகத் திரும்பியவர் நின்றார். "லுத்பியாவுக்கு என்ன கருத்து மௌலவி?"

"மென்மை. கனிவு. ஆருக்கு, பேரப்புள்ளைக்கா?"

"இல்ல. சும்மா."

மென்மை! பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போது மஜீட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழம்புக்கு உப்புக் கூட என்று சொன்னதற்கு அகப்பையை எறிந்தவள். குரல் உயர்த்தினால் பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். முப்பத்தொரு வருஷம் அந்தப் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார். பலகையில் எழுதி மின்குமிழும் போட்டிருக்கிறார். கருத்து என்ன என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. இதைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். இப்போது இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? செருப்பு கிடைத்தது. மாட்டிக்கொண்டு நடந்தார்.

டீச்சர் ஏற்கெனவே கடை வாசலில் நின்றார். நல்ல சேலை, ஊதா நிறம், மடிப்புக் கலையாதது. இரண்டு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. மஜீட் ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கினார். முழுக்கத் தூக்கினால் ஆள் நுழைந்துவிடும். இரண்டு பேரும் குனிந்து உள்ளே போனார்கள். ஒரு பல்பைப் போட்டார். ஸ்டூலை ரெலிபோனுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தார்.

டீச்சர் உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தார். "தங்கச்சியின்ரை பேரை வைச்சிருக்கிறாய், எனக்கு விளங்கீற்றுது. அவ்வளவுதான். அழமாட்டன்."

சொல்லாமலே விட்டால் என்ன என்று மஜீட் இரண்டு நாளாக யோசித்துவிட்டார். ஆருக்கு நட்டம்? ஆனால் இன்னும் பத்து நிமிஷத்தில் இந்த வயரின் மறுமுனையில் அந்தப் பொடியன், "இல்லையம்மா, அது அந்தக் கருத்தில்லை," என்று சொல்லக்கூடும். இங்கே, இந்த ஸ்டூலில், இந்த நல்ல சேலையோடு அதை டீச்சர் கேட்க வேண்டி வரும். அல்லது மகன் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டு, தான் வைக்காத ஒரு பெயரை வாழ்நாள் முழுக்க வைத்ததாகத் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டி வரும். மஜீட் வாழ்க்கையில் விலையில் ஆயிரம் விளையாட்டு விளையாடியவர்தான். ஆனால் துணி அளக்கிற யார்க்கோலில் கை வைத்ததில்லை.

"டீச்சர். அண்டைக்கு நான் சொன்ன கருத்து பிழை."

டீச்சர் நிமிர்ந்தார்.

மஜீட் பில் துண்டை மேசையில் விரித்து, ஸீனை விரலால் காட்டினார். பக்கத்தில் பேனையால் ஒரு ஸே எழுதினார். புள்ளி ஒன்று, பல்லு மூன்று. இதில் வெளிச்சம், அதில் முழித்திருக்கிறவள். மௌலவி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

டீச்சர் இரண்டு எழுத்தையும் கனநேரம் பார்த்தார். முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தவர். அவருக்கு இதை இரண்டாம் தரம் விளக்கத் தேவையில்லை. "பள்ளியைப் பல்லி எண்டு எழுதின மாதிரி," என்றார். "இதுக்குத்தான் நான் பிள்ளையளுக்கு அரை மாக்ஸ் குறைக்கிறனான்."

"ஓம் டீச்சர்."

"நீங்கள் தெரியாமலோ சொன்னனீங்கள்?"

"தெரியாமத்தான். ஆனா தெரியாது எண்டு சொல்லாம." மஜீட்டுக்குக் கை வைக்க இடம் தெரியவில்லை, யார்க்கோலை எடுத்துத் திரும்ப வைத்தார். "சோதி எண்ட சொல்லும் நான் போட்டதுதான். உங்களுக்குப் பொருந்தும் எண்டு நெனச்சு."

"பொருந்தினது," என்றார் டீச்சர்.

வெளியே பஸ் கொண்டக்டர் ஒருவன் "தெஹிவல, தெஹிவல" என்று கத்திக்கொண்டு போனான்.

"மூண்டு கிழமை அவள் வீட்டில நிண்டவள் நானா. நான் சமைக்கேக்கை நிண்டவள். சட்டை தைக்கேக்கை ஊசியில நூல் கோத்துத் தந்தவள். இப்ப வந்து, அவள் இல்லை, அது வேறை எழுத்து எண்டுறியள்."

டீச்சர் எழுந்தார். குடையை எடுத்தார். ஷட்டர்வரை போனார். மஜீட்டின் வாய் பழக்கத்தில் கூப்பிடத் திறந்தது; கூப்பிட்டு எதைக் குறைத்துக் கொடுப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டது.

டீச்சர் குனியவில்லை. ஷட்டருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார்: "நித்திரை கொள்ளாதவள் எண்டால், அழுது அழுது முழிச்சிருக்கிறவளோ? இல்லாட்டி காவலுக்கு முழிச்சிருக்கிறவளோ?"

"எனக்குத் தெரியா டீச்சர்."

"மௌலவிக்கு?"

"வச்சவங்ககிட்டத்தான் கேக்கணும் எண்டார்."

ரெலிபோன் அடித்தது.

இரண்டு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. அவசரக்காரப் பொடியன். ஒரு தரம், இரண்டு தரம். மஜீட் ரெலிபோனைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், தான் எடுப்பதா என்று நினைத்து, எடுக்கக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நாலு. ஐந்து. அந்தச் சின்னக் கடையில் அந்த மணி துணிக் கட்டுகளில் எல்லாம் முட்டி முட்டித் திரும்பியது. ஆறாவது மணிக்கு டீச்சர் திரும்பி வந்தார். குடை கையிலேயே இருந்தது. மற்றக் கையால் ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ."

ரிசீவருக்குள் ஒரு ஆண் குரல் தூரத்தில் வேகமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

"நான்தான் தம்பி," என்றார் டீச்சர். "நிப்பாட்டு. கொஞ்சம் நிப்பாட்டு. எனக்கு ஒரு எழுத்து விளங்கேல்லை. அதைச் சொல்லு முதல்ல."

மஜீட் குனிந்து வெளியே போனார். தன் கடையிலிருந்து தானே வெளியேறி வெயிலில் நிற்பது அவருக்குப் புதுசு. பஸ் தரிப்பிடத்தில் இரண்டு ஆமிக்காரர் ஒரு பொடியனின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெயரைச் சிங்களத்தில் கூட்டி வாசித்து, பிழையாக வாசித்து, அவனிடமே கேட்டார்கள். கையில் பிளவுஸ் துணியோடு ஒரு மனிசி வந்தாள்.

"கட திறந்தீக்கா நானா?"

"இல்லம்மா. பூட்டு."

"ஷட்டர் பாதி தூக்கியீக்கே. உள்ளுக்குச் சத்தம் கேக்குது."

"பூட்டுத்தான்மா. பின்னேரம் வாங்க."

அவள் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே டீச்சரின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு கட்டத்தில் குரல் அடியோடு நின்றது. மறுமுனையில் பேசுகிறவர் மாறியிருக்க வேண்டும். டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ ஒரு சொல்லைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஹோர்ன் அடித்தபடி போயின. சொன்னது எந்தப் பெயர் என்று மஜீட்டுக்குக் கேட்கவில்லை.

அவர் ஒதுங்கிப்போய் நடைபாதை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் ஷட்டருக்குக் கீழே மேசைக்கால் தெரிந்தது. ஸ்டூலின் கால் தெரிந்தது. நிலத்தில் சாய்ந்து கிடந்த குடையும், ஊதாச் சேலையின் கரையும் தெரிந்தன. டீச்சர் வலது செருப்பைக் கழற்றியிருந்தார். வெறுங்கால், குதி நிலத்தில் ஊன்றி, பெருவிரலால் ஏதோ கயிற்றைக் கொழுவிப் பிடித்ததுபோல, பிள்ளை கிடக்கிற ஏணையை ஆட்டுகிற மாதிரி, முன்னும் பின்னும், முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது.